வீடியோவில் போதை சிகிச்சை: முதல் அழைப்புக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

"மூணு பெக்தான் மேடம், அதுக்கு மேல போனதே இல்ல" என்றார் அவர். திரையில் அவருடைய நெற்றியும் பாதிக் கண்ணும் மட்டும் தெரிந்தன. தினமும் குடிக்கிற அதே டம்ளரை எடுத்துவரச் சொன்னேன். வழக்கமாக மது ஊற்றுகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அப்புறம் அந்தத் தண்ணீரைக் குழந்தையின் பால் புட்டிக்கு மாற்றச் சொன்னேன். பால் புட்டியில் மில்லி கோடு போட்டிருக்கும். புட்டியைக் கேமராவுக்கு நேரே பிடித்தார். தண்ணீர் 110 மில்லிக் கோட்டைத் தொட்டு நின்றது.

பெக் என்று சொன்னால் கேட்பவர் பெரும்பாலும் 30 மில்லி என்றுதான் எழுதிக்கொள்வார். மூன்று பெக் 90 மில்லி. இவர் குடித்துக்கொண்டிருந்தது 330. நாற்பது சதவீத மது என்றால், 28 கிராம் ஆல்கஹால் உடம்புக்குள் போவதற்கும் 104 கிராம் போவதற்கும் உள்ள வித்தியாசம் அது. முதல் கணக்கை நம்பியிருந்தால் வீட்டில் இருந்தபடியே நிறுத்தலாம் என்று முடிவு செய்திருப்போம். இரண்டாவது கணக்கைப் பார்த்த மருத்துவர், அவரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அதுவரை அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

நான் செவிலியர். போதை மறுவாழ்வு வார்டில் 11 வருடம் வேலை பார்த்தேன். இப்போது 4 வருடமாக வீடியோவிலும் தொலைபேசியிலும் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் பேசுகிறேன், அப்புறம் மருத்துவரிடம் அனுப்புகிறேன். வார்டில் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதற்குள் பாதி விஷயம் தெரிந்துவிடும். நடை தெரியும், வியர்வை தெரியும், மூச்சில் வாடை தெரியும். திரையில் இது எதுவும் கிடையாது. நீங்கள் வாயால் சொல்வதும் கையால் காட்டுவதும்தான் எங்களிடம் இருக்கிற மொத்தத் தகவலும். இந்தச் சிகிச்சைக்குத் தயாராவது என்றால், அந்தத் தகவலைச் சரியாகத் திரட்டுவதுதான்.

தானாக நிறுத்திவிட்டு வராதீர்கள்

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் அழைப்புக்கு நல்ல பிள்ளையாக வந்து உட்கார வேண்டும் என்ற எண்ணத்தில், இரண்டு நாள் முன்னாடியே குடியை அடியோடு நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். எண்ணம் நல்லதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, மது வரவில்லை என்றால் 6 மணி நேரத்திலிருந்தே ஆட்டம் காட்டத் தொடங்கும். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 நாளிலிருந்து 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் ஏறும். இந்தக் கடைசி நிலையில் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் இறப்பவர்களும் உண்டு.

காலை 10 மணிக்கு அழைப்பு என்று நேரம் கொடுத்திருந்த ஒருவரை அழைத்தபோது அவருடைய அக்காதான் எடுத்தார். விடியற்காலையில் தம்பிக்கு ஃபிட்ஸ் வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். 30 மணி நேரமாக ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நேரம் ஒதுக்கும்போதே "அதுவரை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நேரம் கொடுக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தை நான் விடாமல் சொல்கிறேன்.

தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அல்ப்ரசோலம், குளோனசெபாம், டயசெபாம் போன்றவற்றைப் பல மாதமாக எடுத்துவந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. அங்கேயும் வலிப்பு வரும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள், கை நடுங்குகிறது என்றால் அழைப்பு நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, இரத்த வாந்தி, நெஞ்சு வலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், நடை தள்ளாடிக் கண் ஒரு நிலையில் நிற்காமல் அலைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது வீடியோ வேலை இல்லை.

திரை யாருக்குப் போதாது

வீட்டிலிருந்தே சிகிச்சை எடுப்பது நல்ல வழி. பயணம் இல்லை, வேலையை விட வேண்டியதில்லை, வார்டு வாசலில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. எத்தனையோ பேர் இந்த வழியில் நன்றாக வந்திருக்கிறார்கள். ஆனாலும் சிலரை நான் முதல் அழைப்பிலேயே நேரில் போகச் சொல்லிவிடுவேன். முன்பு நிறுத்தியபோது வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தவர்கள். காலையில் எழுந்ததும் கை நடுக்கம் அடங்கக் குடித்தாக வேண்டியவர்கள். மதுவையும் தூக்க மாத்திரையையும் சேர்த்து எடுப்பவர்கள். கர்ப்பிணிகள். ஈரல் அல்லது இதயம் மோசமாக இருப்பவர்கள். போதை ஊசி போட்டுக்கொண்டு இப்போது காய்ச்சலும் இருப்பவர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள். முதல் ஐந்து நாள் பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவரும் இல்லாதவர்கள்.

நேரில் போ என்றால் ஒதுக்குகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் வாரத்தை மருத்துவமனையில் கழித்துவிட்டு மீதியை வீடியோவில் தொடர்வது எங்களிடம் சர்வசாதாரணம்.

ஒரு தாள், ஒரு பேனா

அழைப்புக்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்ன பொருள், எவ்வளவு, எத்தனை முறை, கடைசியாக எப்போது. மது என்றால் டம்ளர் கணக்கு வேண்டாம், அந்த மனிதர் செய்ததுபோல மில்லியில் அளந்து எழுதுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் சதவீதத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாத்திரை என்றால் பெயரும் மில்லிகிராமும். தெருவில் வாங்கிய பொருள் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். வாங்கியதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியாது, அதனால் உடம்பில் என்ன செய்தது என்று விவரியுங்கள்.

கடைசியாக எடுத்த நேரத்தை மணிக்கணக்கில் கேட்போம். "நேத்து ராத்திரி" என்றால் 8 மணியா, 2 மணியா என்று மறுபடி கேட்போம். எரிச்சல் வேண்டாம், எல்லாக் கணக்கும் அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் அட்டையோடு எடுத்து மேஜைமேல் வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மனநலம், வலிநிவாரணி, இருமல் மருந்து, நாட்டு மருந்து, உடம்பு தேற வாங்கிய பொடி, எல்லாமும்தான். பெயர் வாயில் நுழையாவிட்டால் அட்டையைக் கேமராவில் காட்டினால் போதும். பழைய இரத்தப் பரிசோதனை இருந்தால் அதுவும். ஈரல், சிறுநீரக முடிவுகள்தான் எந்த மாத்திரை தரலாம் என்பதைத் தீர்மானிக்கும். குடி மறுபடி தொடங்காமல் இருக்கத் தரும் மாத்திரைகளில் அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, சிறுநீரகம் மிகவும் பழுதானால் தர மாட்டார்கள். இன்னொன்றான நால்ட்ரெக்ஸோன் தரும் முன் ஈரலைப் பார்ப்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற 10 கேள்விப் பட்டியலும் உங்களிடம் வரலாம். 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான அளவில் இருக்கிறது என்று அர்த்தம், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம். இது பரீட்சை இல்லை. குறைத்து எழுதினால் மருந்தும் குறைவாகவே வரும்.

முடிந்தால் கையில் கட்டுகிற இரத்த அழுத்தக் கருவி ஒன்றும் வெப்பமானியும் வாங்கி வையுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பல முறை அளந்து சொல்லச் சொல்வோம். நாடித் துடிப்பு ஏறுகிறதா என்பது எனக்கு உங்கள் முகத்தைவிட நம்பகமான சாட்சி.

உட்காரும் இடம்

சன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் எனக்கு நிழலாகத்தான் தெரிவீர்கள். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதன்மேலாவது சாய்த்து வையுங்கள், ஏனென்றால் இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை அகலமாக விரிக்கச் சொல்வேன். நடுக்கத்தைப் பார்க்க எனக்கு இருக்கும் ஒரே வழி அது. நாக்கை நீட்டச் சொல்வேன், கண்மணியைப் பார்க்கக் கேமராவுக்கு அருகில் வரச் சொல்வேன், எழுந்து நாலடி நடக்கச் சொல்வேன்.

ஒவ்வொரு அழைப்பிலும் முதல் கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதாக இருக்கும். சிலருக்கு அது வேவு பார்ப்பதுபோலப் படுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்தால் ஆம்புலன்ஸை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான். மருந்து எழுதும் சட்டமும் நோயாளி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. சில மருந்துகளை வீடியோவில் எழுத ஒரு நாட்டில் அனுமதி உண்டு, இன்னொரு நாட்டில் இல்லை. அதனால் உங்களுக்கு எந்த மருந்து வீடியோவிலேயே கிடைக்கும், எதற்கு நேரில் வர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசும்போது யாரும் கேட்காத இடம் வேண்டும். ஹெட்ஃபோன் போடுங்கள். வீட்டில் அந்த வசதி இல்லை என்றால் நிறுத்திவைத்த வாகனத்தில் உட்கார்ந்து பேசலாம், ஓட்டிக்கொண்டு பேசக் கூடாது. ஒரு பெண் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடியே பேசுவார். கணவருடைய காலடிச் சத்தம் கேட்டால் "சரி, அப்புறம் கூப்பிடுறேன்" என்பார். அது எங்களுக்குள் பேசி வைத்த சொல். நான் உடனே வைத்துவிடுவேன், அவராக அழைக்கும்வரை நான் அழைக்க மாட்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு சொல் தேவைப்பட்டால் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

அழைப்பு பதிவாகிறதா, குறிப்புகளை யாரெல்லாம் பார்ப்பார்கள், வேலை பார்க்கும் இடத்துக்குத் தகவல் போகுமா, குழுக் கூட்டத்தில் முழுப் பெயர் தெரியுமா என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. இடையில் நெட்வொர்க் போனால் யார் யாரை அழைப்பது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பற்றி

வலிநிவாரண வகைப் போதைக்கு, அதாவது ஹெராயின், மார்ஃபின், கோடீன், டிரமடால் போன்றவற்றுக்கு, விதி மதுவுக்கு நேர்மாறு. புப்ரெநார்ஃபின் என்ற மருந்தை முதல் முறை வைக்கும்போது உடம்பில் நிறுத்தல் அறிகுறிகள் நன்றாகத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த மருந்து மூளையில் இருக்கும் போதைப் பொருளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும், ஆனால் அதைப்போல முழு அளவுக்கு வேலை செய்யாது. அவசரப்பட்டு வைத்தால், வரப்போகிற வேதனை மொத்தமும் சிறிது நேரத்திலேயே ஒரேயடியாக இறங்கும். சீக்கிரம் தீர்ந்துபோகிற வகைப் பொருளுக்கு 12 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்வார்கள், மெதடோன் போல நீண்டு நிற்பதற்கு இன்னும் அதிகம். கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிடிப்பது, விரிந்த கண்மணி, இவையெல்லாம் வந்தபின் கேமரா முன்னால் உட்கார்ந்து வைத்துக்கொள்வது நல்லது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும், விழுங்கினால் வேலை செய்யாது. கரைந்தபின் தண்ணீரால் வாயை அலசிவிடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். பற்கள் கெட்டுப்போகாமல் இருக்க அது முக்கியம். இந்த மருந்தோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம்.

நால்ட்ரெக்ஸோன் வேறு ரகம், வலிநிவாரண வகைப் பொருளை மூளையில் முழுக்கத் தடுத்துவிடும். 7 முதல் 10 நாளாவது இந்த வகைப் பொருள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. குடிக்காக இந்த மாத்திரையைத் தொடங்குகிறவர், பல் வலிக்கு டிரமடால் சாப்பிட்டதைச் சொல்ல மறந்தால் அன்று இரவு படாத பாடு படுவார். மருந்து அட்டைகளை மேஜைமேல் வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

டைசல்ஃபிராம் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இது எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். கடைசி மதுவுக்குப் பின் 12 மணி நேரமாவது போன பிறகே தொடங்க வேண்டும். நிறுத்திய பின்னும் 2 வாரம் வரை அதன் வேலை இருக்கும். ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் இவற்றையும் தவிர்க்க வேண்டும். ஒரு தாய் என்னிடம் கெஞ்சினார், "அவனுக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்துடுறேன்மா, பேரை மட்டும் சொல்லுங்க" என்று. அந்தத் தாயின் வேதனை எனக்குப் புரிந்தது. ஆனால் தெரியாமல் சாப்பிட்ட மகன் வழக்கம்போல அரை பாட்டில் குடித்தால் இதயம் நின்றுபோகலாம். இதைச் சம்மதமில்லாமல் கொடுப்பது சிகிச்சையே இல்லை. நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று விளம்பரம் செய்கிற எவரிடமும் போகாதீர்கள். ஏழே நாளில் முழு குணம் என்பவர், மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பவர், முன்பு வலிப்பு வந்ததா என்று கேட்காமலே மாத்திரை அனுப்புகிறவர், இவர்களையும் தவிர்த்துவிடுங்கள். மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள், மருத்துவப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

தயமின் என்ற வைட்டமினைக் குடியை நிறுத்துகிறவர்களுக்குத் தருவார்கள். வெறும் சத்து மாத்திரை என்று ஒதுக்கிவைக்காதீர்கள். அது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

சிறுநீர் அல்லது உமிழ்நீர்ப் பரிசோதனை கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். எங்களுக்கு அது மருந்தின் அளவைச் சரிசெய்ய. முடிவில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வார்கள், வெளியே அனுப்பிவிடுவார்களா, சிகிச்சையை மாற்றுவார்களா என்று சேரும்போதே கேளுங்கள். வெளியே அனுப்பிவிடுவோம் என்றால் நான் வேறு இடம் தேடுவேன்.

இரண்டு அழைப்புக்கு நடுவில்

வாரத்துக்கு ஒரு மணி நேரம் நாங்கள் இருப்போம். மீதி 167 மணி நேரம் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். வார்டில் கதவு இருந்தது, இங்கே கதவு கிடையாது. அதனால் தொடங்கும் முன்பே வீட்டில் மிச்சம் இருக்கும் பாட்டில், அட்டை, ஊசி எல்லாவற்றையும் யாரிடம் கொடுத்து அப்புறப்படுத்துவது என்று முடிவு செய்யுங்கள். ஆனால் குடி விஷயத்தில், மருத்துவர் நாள் குறித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். விற்பவரின் எண்ணை அழித்துவிடுங்கள். இரவு 11 மணிக்கு இழுக்கும்போது யாரை அழைப்பது என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் எங்கள் சேவை வேலை செய்யுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இழுப்பு ஒரு அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர், அந்த அலையோடு சண்டை போடாமல் அதன்மேல் மிதந்து கடக்கக் கற்றுக்கொடுத்தார். நான் சொல்வது அதைவிட எளிது. கடிகாரத்தைப் பாருங்கள், 20 நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள், இடத்தை மாற்றுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். பசியும் தூக்கமின்மையும் இழுப்பை இரட்டிப்பாக்கும்.

வீட்டார் சேர்ந்து பேசுவது நல்லது, ஆனால் எல்லா அழைப்பிலும் பக்கத்தில் உட்கார வேண்டாம். மனைவி அருகில் இருந்தால் 90 மில்லி, தனியாக இருந்தால் 330 மில்லி. இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

வலிநிவாரண வகைப் போதை எடுத்தவர்களுக்கு இன்னொன்று. சில வாரம் விட்டபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகும். இந்த நோயில் பலர் இறப்பது இப்படித்தான். இந்த வகைப் போதை அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்து நலோக்சோன். அதன் மூக்கு ஸ்பிரே கிடைக்கிற இடத்தில் இருந்தால் ஒன்றை வாங்கி, எங்கே இருக்கிறது, எப்படி அடிப்பது என்று வீட்டாருக்குக் காட்டி வையுங்கள். தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது என்பதால்தான் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். அடித்தபின்னும் ஆம்புலன்ஸ் வேண்டும், ஏனென்றால் நலோக்சோனின் வேலை போதைக்கு முன்பே தீர்ந்துவிடலாம்.

ஒரு நாள் வழுக்கிவிட்டீர்கள், அன்றைக்குத்தான் அழைப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் போனை அணைத்துவிடுவார்கள், வெட்கம். போன மாதம் ஒருவர் கேமராவை மூடிவிட்டுக் குரலை மட்டும் விட்டார். "மேடம், இன்னைக்கு நான் சரியா இல்ல" என்றார். எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு, கூடவே மாத்திரை எதுவும் எடுத்தாரா என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவர் அன்று மாலையே மருந்தை மாற்றினார். மறுநாள் காலை 9 மணிக்கு நான் அழைத்தபோது கேமரா திறந்திருந்தது, கையை நீட்டச் சொல்லும் முன்பே அவராக நீட்டினார்.